வெட்டுவதற்கு முன்னால் ஒரு எம்.ஆர்.ஐ.: இடுப்புக்குழியில் வரும் அரிய மென்திசுக் கட்டிகள்

என் அக்காவுக்கு அது குளிக்கும்போதுதான் முதலில் கையில் தட்டுப்பட்டது. பிறப்புறுப்பின் இடது ஓரத்தில், எலுமிச்சம்பழ அளவுக்கு, மெத்தென்று, வலி எதுவும் இல்லாமல். நிற்கும்போது கொஞ்சம் பெரிதாகத் தெரியும், படுத்தால் உள்ளே போன மாதிரி இருக்கும். அப்போது அவளுக்கு 37 வயது. ஒன்றரை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. உட்கார்ந்தால் உறுத்த ஆரம்பித்து, ஸ்கூட்டியில் போக முடியாமல் ஆன பிறகுதான் என்னிடம் வாய் திறந்தாள். "ஏன்க்கா இத்தனை நாளா சொல்லல?" என்றதற்கு, "சொல்ற மாதிரி இடத்துலயாடி வந்திருக்கு?" என்றாள்.

ஊரில் ஒரு நர்சிங் ஹோமில் காட்டினோம். தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் இருக்கும் பார்த்தோலின் சுரப்பியில் நீர் கோத்திருக்கிறது, சின்ன ஆபரேஷன்தான், மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். கீறிப் பார்த்தால் நீரும் வரவில்லை, சீழும் வரவில்லை. நுங்கு மாதிரி வழவழவென்று ஏதோ ஒன்று, இழுக்க இழுக்க உள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்ததாம். கைக்கு எட்டியதை எடுத்துவிட்டுத் தையல் போட்டார்கள். பத்து நாள் கழித்து வந்த பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'அக்ரெசிவ் ஆஞ்சியோமிக்ஸோமா' என்று இருந்தது. அதை விளக்கிச் சொல்ல அங்கே யாரும் இல்லை. எங்களுக்குப் புரிந்தது அக்ரெசிவ் என்ற முதல் சொல் மட்டும்தான். அம்மா அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

நான் டாக்டர் இல்லை. அக்காவோடு பல வருடம் ஓ.பி. வரிசைகளில் உட்கார்ந்து, படித்து, சந்தேகம் வந்த இடத்தில் அவளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்களையே கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

முதலில் மென்திசு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். உடம்பில் எலும்பையும், ஈரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளையும், மேலே போர்த்திய தோலையும் தள்ளிவிட்டால் மீதி இருக்கிற தசை, கொழுப்பு, ரத்தக் குழாய், நரம்பு, இவற்றையெல்லாம் கட்டிப் பிடித்திருக்கும் இணைப்புத் திசு, இவைதான் மென்திசு. இவற்றில் எதிலிருந்து வேண்டுமானாலும் கட்டி கிளம்பலாம். அதனால்தான் மென்திசுக் கட்டிகளில் மட்டுமே நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளை உலக சுகாதார நிறுவனம் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை சாது. முதுகிலும் கையிலும் உருண்டு திரியும் கொழுப்புக்கட்டிகள் எல்லாம் இந்தக் குடும்பம்தான். புற்றாக இருப்பவற்றை சார்கோமா என்பார்கள். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் மென்திசு சார்கோமா சுமார் 1 சதவீதம்தான். அரிது என்பதில் ஒரு ஆறுதல் இருக்கிறது, ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஒரு டாக்டர் தன் ஆயுசு முழுக்க இப்படி ஒன்றைப் பார்க்காமலேயே ஓய்வு பெறலாம், அதனால் எதிரே வரும்போது அது அவர் நினைவில் எட்டாது. நீர்க்கட்டியை ஆயிரம் பேரிடம் பார்த்தவர் ஆயிரத்தோராவது ஆளிடமும் நீர்க்கட்டியைத்தான் பார்ப்பார்.

இடுப்புக்குழி இதை இன்னும் சிக்கலாக்குகிறது. சுற்றிலும் எலும்பு, ஒரு சட்டி மாதிரி. உள்ளே முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், பெண்களுக்கு நடுவில் கர்ப்பப்பை. இவற்றுக்கு இடையே இருக்கும் சந்துபொந்துகளை நிரப்பிக்கொண்டு கொழுப்பும் நரம்பும் ரத்தக் குழாய்களும். அடியில், எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு, தூளி கட்டின மாதிரி ஒரு தசை. இந்த உறுப்புகள் நிறைவதும் காலியாவதுமாக இருப்பதால் அங்கே இடம் நெகிழ்ந்துகொடுக்கும். காலில் ஒரு கட்டி நெல்லிக்காய் அளவு வந்தாலே பேன்ட் போடும்போது தெரிந்துவிடும். இடுப்புக்குழிக்குள் தேங்காய் அளவுக்கு வளர்ந்த பிறகும் தெரியாமல் இருக்கலாம். அடிக்கடி சிறுநீர் வருகிறது, மலச்சிக்கல், உட்கார்ந்தால் கனமாக இருக்கிறது, கால் மரத்துப்போகிறது என்று கட்டியைத் தவிர எல்லாமாகவும் அது தன்னைக் காட்டிக்கொள்ளும்.

சரி, ஆஞ்சியோமிக்ஸோமாவுக்கு வருகிறேன். இதை ஒரு தனி நோயாக முதலில் பிரித்துச் சொன்னது 1983-இல், ஸ்டீப்பர், ரோசாய் என்ற இரண்டு பேத்தாலஜிஸ்ட்கள், அதாவது திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர்கள். ஒன்பது பெண்களின் கட்டிகளை வைத்து அந்தக் கட்டுரையை எழுதினார்கள். இந்த நாற்பது வருடத்தில் உலக மருத்துவ இதழ்களில் பதிவானவை சில நூறுதான். பெரும்பாலும் பெண்களுக்கு, முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் வருகிறது. ஆண்களுக்கும் அபூர்வமாக விரைப்பையிலோ தொடை இடுக்கிலோ வரும், அங்கே அதைக் குடலிறக்கம் என்று நினைத்துவிடுவது சகஜம்.

அந்த 'அக்ரெசிவ்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், எங்கள் வீட்டைக் கலங்கடித்தது அதுதான். இந்தக் கட்டி ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்கும் ஈரலுக்கும் போய் உட்காருவது மிக மிக அபூர்வம், உலகம் முழுக்க விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் அப்படிப் பதிவாகியிருக்கிறது. செல்கள் வேகமாகப் பிரிவதும் இல்லை, மெதுவாகத்தான் வளரும். அக்ரெசிவ் என்று பெயர் வைத்தது, அது இருக்கிற இடத்தில் பக்கத்துத் திசுக்களுக்குள் விரல் விட்டுப் பரவுவதாலும், எடுத்தாலும் அதே இடத்தில் திரும்ப முளைப்பதாலும்தான். இப்போது இதை 'ஆழமான ஆஞ்சியோமிக்ஸோமா' என்றும் எழுதுகிறார்கள். அந்தப் பெயர் எவ்வளவோ பொருத்தம் என்பது என் எண்ணம், ஏனென்றால் இதன் தொல்லையே ஆழம்தான். பனங்கிழங்கு மாதிரி. மண்ணுக்கு மேலே ஒரு முளை மட்டும் தெரியும், தோண்டத் தோண்டக் கீழே போய்க்கொண்டே இருக்கும்.

கையால் தொட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. பார்த்தோலின் நீர்க்கட்டி, கொழுப்புக்கட்டி, குடலிறக்கம், பெண்ணுறுப்புச் சுவரில் வரும் நீர்க்கட்டி, எல்லாமே கைக்கு ஒரே மாதிரி இருக்கும். அல்ட்ராசவுண்டில் ஏதோ இருக்கிறது என்பது தெரியும். எது வரை போயிருக்கிறது என்பது சரியாகத் தெரியாது. இதற்கு எம்.ஆர்.ஐ.தான் வேண்டும். அந்த நர்சிங் ஹோமில் சரியும் தப்புமாக எது நடந்திருந்தாலும், கத்தி வைப்பதற்கு முன்னால் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அக்காவுக்கு ஒரு ஆபரேஷன் மிச்சமாகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த எம்.ஆர்.ஐ.யை டாக்டர் எங்கள் பக்கம் திரையைத் திருப்பிக் காட்டினார். அதை என்னால் மறக்க முடியாது. வெளியே தையல் போட்ட இடத்துக்கு மேலே, உடுக்கை மாதிரி ஒரு உருவம். கீழ்ப்பாதி தூளித் தசைக்குக் கீழே, மேல்பாதி தசைக்கு மேலே, மலக்குடலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, நடுவில் தசையின் இடைவெளியில் புகும் இடத்தில் மட்டும் சிறுத்து. மொத்தம் 13 சென்டிமீட்டர். நர்சிங் ஹோமில் எடுத்தது அதில் கால்வாசிகூட இல்லை. டி2 என்று ஒரு வகைப் படம் எடுப்பார்கள், அதில் நீர்ச்சத்து உள்ளவை வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளைக்குள் தயிர் கடையும்போது மேலே சுழிசுழியாக வருமே, அந்த மாதிரி கோடுகள் ஓடின. "இந்தச் சுழிதான் இந்தக் கட்டியோட அடையாளம்மா, வெறும் நீர்க்கட்டியா இருந்தா உள்ள இப்படி எதுவும் இருக்காது" என்று பென்சிலால் தொட்டுக் காட்டினார். இன்னொன்றும் சொன்னார்: இவ்வளவு பெரிதாக இருந்தும் அது மலக்குடலையும் சிறுநீர்ப்பையையும் தள்ளி வைத்திருக்கிறதே தவிர அரித்து உள்ளே போகவில்லை. அன்றைக்குத்தான் அம்மா கொஞ்சம் மூச்சு விட்டாள்.

படம் பார்த்தால் மட்டும் போதாது, பெயரை உறுதி செய்வது பயாப்ஸிதான். தடித்த ஊசியால் இரண்டு மூன்று சின்னக் குச்சிபோலத் திசுவை எடுப்பார்கள், இதற்கு கோர் பயாப்ஸி அல்லது ட்ரூகட் என்று பெயர். ஊசியை எந்த வழியாகச் செலுத்துவது என்பதைப் பின்னால் ஆபரேஷன் செய்யப்போகும் சர்ஜன் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் ஒருவேளை சார்கோமாவாக இருந்தால் ஊசி போன பாதையில் செல்கள் சிந்தியிருக்கலாம், அந்தப் பாதையையும் சேர்த்து எடுக்க வேண்டி வரும். பயாப்ஸி எடுத்தால் கட்டி பரவிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது, அதைக் கேட்டு பயாப்ஸியே வேண்டாம் என்று ஓடிவிடுகிறவர்களை நான் ஓ.பி.யில் பார்த்திருக்கிறேன். சரியான பாதையில், திட்டம் போட்டு எடுத்த ஊசி பயாப்ஸியைவிட, என்னவென்றே தெரியாமல் பாதியை வெட்டி எடுப்பதுதான் பல மடங்கு கெடுதல். ஆங்கிலம் பேசும் நாடுகளில் சார்கோமா டாக்டர்கள் அதற்கு 'ஊப்ஸ் ஆபரேஷன்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், ஐயோ தப்பாகிவிட்டதே என்ற அர்த்தத்தில்.

எடுத்த திசு ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, சில மைக்ரான் தடிமனுக்குச் சீவப்பட்டு, சாயம் ஏறி ஸ்லைடாக வரும். ஆஞ்சியோமிக்ஸோமாவில் மைக்ரோஸ்கோப்பில் தெரிவது பெரும்பாலும் காலி இடம் மாதிரி ஒரு வெளிறிய கூழ், அதில் அங்கங்கே சிதறிய கதிர் வடிவ, நட்சத்திர வடிவ செல்கள், அப்புறம் சின்னதும் பெரிதுமாக நிறைய ரத்தக் குழாய்கள். ஆஞ்சியோ என்றால் ரத்தக் குழாய், மிக்ஸோ என்றால் கோழை போன்றது. பெயரிலேயே படம் இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால் இதே பகுதியில் இதே சாயலில் ஆஞ்சியோமயோஃபைப்ரோபிளாஸ்டோமா, செல்லுலர் ஆஞ்சியோஃபைப்ரோமா என்று வேறு கட்டிகளும் வரும். அவற்றுக்கு எல்லை தெளிவாக இருக்கும், எடுத்துவிட்டால் திரும்ப வருவது அரிது. ஆகவே பிரித்துச் சொல்வது முக்கியம். அதற்கு இம்யூனோ என்று சொல்லப்படும் சிறப்புச் சாயங்களைப் போட்டுப் பார்ப்பார்கள். ஆஞ்சியோமிக்ஸோமாவில் டெஸ்மின் என்ற புரதம் பெரும்பாலும் பாசிட்டிவ், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்கள் வந்து ஒட்டும் ஏற்பிகளும் பாசிட்டிவாக இருக்கும். 12-ஆவது குரோமோசோமில் உள்ள ஹெச்.எம்.ஜி.ஏ.2 என்ற ஜீன் இடம் மாறியிருப்பதும் சிலருக்குத் தெரியவரும்.

அக்காவுக்குப் புதிதாக பயாப்ஸி எடுக்கவில்லை. "பழைய ஆபரேஷனோட பிளாக்கும் ஸ்லைடும் வாங்கிட்டு வாங்க" என்றார்கள். பிளாக் என்றால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் கூடு, அதில் மெழுகு, மெழுகுக்குள் கடுகு மாதிரி, துவரம்பருப்பு மாதிரி நம் உடம்பின் துணுக்கு. அதிலிருந்து இன்னும் பல ஸ்லைடுகளைப் புதிதாகச் சீவிக்கொள்ளலாம், வருடக்கணக்கில் கெடாது. நாங்கள் போய்க் கேட்டபோது ரிசப்ஷனில் ரிப்போர்ட்தான் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன என்றார்கள். மூன்று நடை நடந்து, லேபிலேயே போய் நின்று, கையெழுத்துப் போட்டு வாங்கினோம். உங்கள் வீட்டில் யாருக்காவது எந்தக் கட்டியை எடுத்தாலும், சின்னதாக இருந்தாலும், எடுத்ததைப் பேத்தாலஜிக்கு அனுப்பச் சொல்லுங்கள், பிளாக் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது டாக்டரின் கருத்து கேட்பது என்றால் இன்னொருவரிடம் அதே பேப்பரை நீட்டுவது இல்லை, இன்னொரு பேத்தாலஜிஸ்ட் அந்த ஸ்லைடைத் தன் கண்ணால் பார்ப்பதுதான்.

பெயர் எதற்கு இவ்வளவு முக்கியம் என்றால், இடுப்புக்குழியில் ஒரே மாதிரி தெரியும் கட்டிகளுக்கு வைத்தியம் நேர் எதிராக இருக்கும். முதுகுத்தண்டின் அடியில், மலக்குடலுக்குப் பின்னால் வரும் ஷ்வான்னோமா நரம்பின் உறையிலிருந்து வருவது, பெரும்பாலும் சாது. நரம்பைக் காப்பாற்றிக்கொண்டு கட்டியை மட்டும் உரித்தெடுக்கப் பார்ப்பார்கள். டெஸ்மாய்டு என்று ஒன்று இருக்கிறது, இணைப்புத் திசுவில் வரும் கட்டி, வேறு இடத்துக்குப் பரவாது, ஆனால் பிடிவாதமானது. முன்பெல்லாம் உடனே வெட்டுவார்கள், இப்போது பலருக்கும் முதலில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு காத்திருந்து பார்க்கிறார்கள், ஏனென்றால் சில டெஸ்மாய்டுகள் தானாகவே நின்றுபோகும், சுருங்கவும் செய்யும். அதற்கென்றே நிரோகாசெஸ்டாட் என்ற மாத்திரையை 2023 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. சாலிட்டரி ஃபைப்ரஸ் ட்யூமர் என்பது இன்னும் விசித்திரம், சிலருக்கு அது இன்சுலின் மாதிரி வேலை செய்யும் ஒரு பொருளைச் சுரந்து, சர்க்கரை வியாதியே இல்லாதவரின் சர்க்கரையை மயக்கம் வரும் அளவுக்கு இறக்கிவிடும். கொழுப்புத் திசு வகை சார்கோமாவான லைப்போசார்கோமா, மென்தசை வகையான லெய்யோமயோசார்கோமா என்றால் கதை வேறு, அங்கே முதல் ஆபரேஷனிலேயே சுற்றிலும் நல்ல திசுவோடு முழுசாக எடுப்பதில்தான் உயிரே இருக்கிறது. கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு என்ற சாதுவான தசைக்கட்டி என்று நினைத்து, லேப்ராஸ்கோப்பி வழியாக மெஷின் வைத்துத் துண்டுதுண்டாக அரைத்து எடுப்பதை 2014-இல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது இதனால்தான், ஃபைப்ராய்டுக்காக ஆபரேஷன் செய்துகொள்ளும் 350 பெண்களில் ஒருவருக்கு மறைந்திருக்கும் சார்கோமா இருக்கலாம் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள்.

அதனால் 5 சென்டிமீட்டருக்கு மேல் பெரிய கட்டி, ஆழத்தில் இருக்கும் கட்டி, வளர்ந்துகொண்டே போகும் கட்டி, எடுத்த இடத்திலேயே திரும்ப வந்த கட்டி, இதில் எது இருந்தாலும் சார்கோமா பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது நல்லது. அங்கே ட்யூமர் போர்டு என்று வாரம் ஒருமுறை உட்காருவார்கள், சர்ஜன், ஸ்கேன் படங்களைப் படிக்கும் ரேடியாலஜிஸ்ட், பேத்தாலஜிஸ்ட், கீமோ டாக்டர், ரேடியேஷன் டாக்டர் எல்லோரும் ஒரே அறையில். தமிழ்நாட்டில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் அந்த ஏற்பாடு இருக்கிறது.

ஆஞ்சியோமிக்ஸோமாவுக்கு முதன்மை வைத்தியம் ஆபரேஷன்தான். எவ்வளவு எடுப்பது என்பதில்தான் டாக்டர்கள் ரொம்ப யோசிக்கிறார்கள். முன்பு சுற்றிலும் நல்ல திசுவோடு அகலமாக எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள். அப்புறம் நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, ஓரம் சுத்தமாக எடுத்தவர்களுக்கும் திரும்ப வந்திருக்கிறது, கொஞ்சம் விட்டுவைத்தவர்களில் பலருக்கும் வராமலேயே இருந்திருக்கிறது. உயிரை எடுக்காத ஒரு கட்டிக்காக மலக்குடலையோ சிறுநீர்ப்பையையோ பலி கொடுத்து, நாற்பது வயதுப் பெண்ணை வயிற்றில் பை மாட்டிக்கொண்டு வாழச் சொல்வது நியாயமா என்ற கேள்வி அதிலிருந்து வந்ததுதான். அந்தக் கேள்வியை எங்கள் சர்ஜன் அக்காவையே நேராகக் கேட்டார். "முழுசா எடுக்கப் போனா மலக்குடல் போகலாம். ஒட்டினது கொஞ்சம் இருந்தா விட்டுட்டு ஸ்கேன்ல பாத்துக்கலாம். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்." அக்கா இரண்டு நாள் டைம் கேட்டாள். விட்டுவிடச் சொன்னாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் நான்கு மாதம் லூப்ரோலைட் ஊசி போட்டார்கள், மாதம் ஒன்று. கட்டியின் செல்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருப்பதால், சினைப்பையை அந்த ஹார்மோன் சுரக்காமல் நிறுத்திவைத்தால் கட்டி தீனி இல்லாமல் சுருங்கும் என்பது கணக்கு. கர்ப்ப காலத்தில் இந்தக் கட்டி வேகமாக வளர்வதைப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் ஹார்மோன் தொடர்பைத்தான் காட்டுகிறது. எல்லோருக்கும் சுருங்கும் என்று சொல்ல முடியாது, ஊசியை நிறுத்தினால் திரும்ப வளரவும் செய்யலாம். அக்காவுக்கு 13 சென்டிமீட்டர் 9 ஆனது. ஆனால் அந்த நான்கு மாதம் அவளுக்கு லேசாகப் போகவில்லை. மாதவிடாய் நின்றது. நடு ராத்திரியில் உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்து, ஜாக்கெட் நனைந்து, எழுந்து மொட்டை மாடியில் போய் நிற்பாள். நீண்ட நாள் போட்டால் எலும்பும் தேயும் என்று கால்சியம் கொடுத்தார்கள். சிலருக்கு ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளும் தருகிறார்கள். செல்கள் மெதுவாகப் பிரிவதால் கீமோவுக்கும் ரேடியேஷனுக்கும் இதில் பெரிய இடம் இல்லை.

ஆபரேஷன் வயிற்று வழியாகவும் கீழிருந்தும் இரண்டு பக்கமும் செய்தார்கள், ஆறு மணி நேரம். தட்டில் வைத்துக் காட்டினார்கள். தோல் உரித்த நுங்கைப் போலவே, இளஞ்சிவப்பு கலந்து, விளக்கு வெளிச்சத்தில் மினுமினுத்துக்கொண்டு. இதுவா இத்தனை நாள் நம்மை ஆட்டிவைத்தது என்று இருந்தது.

திரும்ப வருமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், வரலாம். மூன்றில் ஒரு பங்குப் பேருக்காவது வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, பெரும்பாலும் முதல் சில வருடத்தில், ஆனால் பத்து வருடம் கழித்து வந்தவர்களும் உண்டு. அதனால்தான் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் எம்.ஆர்.ஐ. வருடக்கணக்கில் தொடர்கிறது. வந்தாலும் திரும்ப எடுக்கலாம், ஊசி போட்டுப் பார்க்கலாம், சின்னதாக இருந்தால் கவனித்துக்கொண்டே இருக்கலாம்.

அக்காவுக்கு இது ஐந்தாவது வருடம். மலக்குடலின் ஓரத்தில் விட்டுவைத்த இடத்தில் 8 மில்லிமீட்டருக்கு ஒன்று தெரிகிறது, மூன்று ஸ்கேனாக அது 8-ஐத் தாண்டவில்லை. ஒவ்வொரு தடவையும் பழைய சிடிக்களை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போகிறோம், ஏனென்றால் போன வருடப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இந்த வருடப் படத்தை மட்டும் பார்த்து ரேடியாலஜிஸ்ட்டால் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஃபைலின் முதல் பக்கத்தில் பிளாக் எண்ணைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த ஸ்கேன் தை பிறந்ததும்.